சக்கரத்தின்மேல் ஒரு வீடு



சென்ற மாதம் நம் சிலுவை மலையடியில், மணல்மேட்டோரமாக, ஒரு வெள்ளை வண்டி வியாழன் மாலை முதல் நின்றதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊரில் நாலு விதமான செய்தி பரவிவிட்டது. சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள், அது அவர்களுடைய கேரவன் வண்டி என்றார்கள் சிலர். நிலம் வாங்க வந்தவர்கள் என்றார்கள் வேறு சிலர். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ம் ஆண்டு அடிக்கல் நாட்டியதிலிருந்து, நம் பக்கத்தில் யார் வந்து நின்றாலும் நிலம் வாங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது.

வண்டிக்குப் பின்னால் ஒரு கொடி கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். அதைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது. திருச்சிலுவைக் கோவிலுக்குப் போகும் வழியில் இதென்ன காட்சி என்று நினைத்து, அவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று ஒரு வார்த்தைகூட விசாரியாமல், வெள்ளிக்கிழமை காலை கோவிற்பிள்ளையை அனுப்பி, வண்டியை அப்புறப்படுத்தச் சொன்னேன். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. உடனே கொடியை அவிழ்த்தார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு கருமேனியாற்று முகத்துவாரத்துப் பக்கமாகப் போனார்கள். அங்கே பின்சக்கரம் இரண்டும் மணலில் புதைந்துவிட்டன. ஆகையால், இந்தக் கதையில் முதல் குற்றவாளி உங்கள் பங்குச் சுவாமிதான்.

செய்தி கேட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். வண்டிக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். இஞ்சினை முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முடுக்க முடுக்கச் சக்கரம் இன்னும் ஒரு சாண் உள்ளே இறங்கியது. அந்த அம்மாள் கீழே நின்று, “நான் அப்பவே சொன்னேன்” என்று ஒருமுறை சொன்னார்கள். அதற்குமேல் சொல்லவில்லை. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வலை பொத்துவதை நிறுத்திவிட்டு வந்து, “ஐயா, முடுக்காதீங்க. முடுக்குனா உள்ளதான் போவும். டயர்ல காத்தக் கொறைங்க” என்றார். வண்டிக்காரர் கொஞ்சம் தயங்கினார். முப்பது வருஷம் கப்பல் இஞ்சின்களைக் கட்டி மேய்த்தவராம். வலை பொத்துகிறவர் சொல்லிக் காற்றைக் குறைப்பதா? ஆனாலும் குறைத்தார். பையன்கள் வள்ளம் ஏற்றுகிற உருளைக் கட்டைகளையும் இரண்டு பலகைகளையும் கொண்டுவந்து சக்கரத்தடியில் கொடுத்தார்கள். வடக்கயிற்றைக் கட்டிப் பத்துப் பன்னிரண்டு பேர் இழுக்க, வண்டி மேட்டுக்கு வந்தது.

கயிறு கட்டும்போது அந்தப் பெரியவர் ஒரு வேடிக்கை சொன்னார்: “முன்னாலே மச்சான்மாரை நிறுத்துங்கடா, அவன்தான் கயித்தை விடமாட்டான்.” இளம்பிள்ளைகளுக்கு இதன் பொருள் தெரிந்திருக்காது. நம் முன்னோர் முத்துக்குளித்த காலத்தில், கடலடிக்குப் போகிறவனுடைய உயிர் தோணியிலிருந்து கயிறு பிடிக்கிறவன் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியுமல்லவா! 1961-ம் ஆண்டோடு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. பேச்சு மாத்திரம் கரையில் மிஞ்சியிருக்கிறது.

வண்டி மேடேறியபின், அந்த அம்மாள் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். “உங்களை அங்கிருந்து போகச் சொன்னவன் நான்தான்” என்றேன். “தெரியும் ஃபாதர், சீனி போதுமா?” என்று கேட்டார்கள்.

அவர்கள் சொன்னதை உங்களுக்கு எழுத அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அவர்களுக்கு மெய்விவாகமாகி 29 வருஷம். புருஷன் கப்பலில் வேலை. ஒரு தடவை போனால் ஒன்பது மாதம். பிள்ளைகள் இருவர், இருவரும் இப்போது வெளிநாட்டில். அந்த அம்மாளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவர் வீட்டில் இருக்கும் நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பார்கள். வருஷம் முடிந்தாலும் அந்த நாட்காட்டிகளை எறிவதில்லை. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த வாரம் எல்லாவற்றையும் எடுத்துக் கூட்டிப் பார்த்தார்களாம். 29 வருஷத்தில் இருவரும் ஒரு கூரைக்கடியில் இருந்தது எட்டு வருஷம்கூட இல்லை.

இனி மீதியைச் சேர்ந்து வாழலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. அவர் இஞ்சின் அறையில் பேசிய மாதிரியே வீட்டிலும் பேசினார். அம்மாளோ, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீடு கட்டுதல், மாமியாரின் சாவு என்று எல்லாவற்றையும் ஒருவரையும் கேளாமல் தனியாக நடத்திப் பழகியவர்கள். பத்தாம் நாள் அவர் சமையலறை அலமாரியைத் திருத்தி அடுக்கினார். அன்று ஆரம்பித்த சண்டை ஆறு மாதம் நீடித்தது. இரண்டு அறை, இரண்டு தொலைக்காட்சி, இரண்டு நேரச் சாப்பாடு. “ஃபாதர், அவர் கப்பலில் இருந்தப்போ இதைவிடப் பக்கத்தில் இருந்தார்” என்று அந்த அம்மாள் சொன்னார்கள். இந்த வார்த்தை என்னை இன்னும் விடவில்லை.

கடைசியில் அவர்தான் ஒரு பழைய டிராவலர் வண்டியை வாங்கினார். இருக்கைகளை எடுத்துவிட்டு, ஒரு கட்டில், கட்டிலுக்கடியில் பெட்டி, ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று: இவ்வளவுதான். உள்ளே ஆறு எட்டு வைத்தால் முடிந்தது. கப்பலிலிருந்து தூரத்துப் புகையாகப் பார்த்த நம் கரையைத் தரையிலிருந்து பார்க்கவேண்டும், அதுவும் மனைவியோடு பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. வேம்பாரிலிருந்து புறப்பட்டிருக்கிறார்கள். வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று நம் பழைய ஏழு கடற்றுறைகளையும் வரிசையாகப் பார்த்து, கன்னியாகுமரி வரை போவது ஏற்பாடு. தூத்துக்குடியில் பனிமய மாதாவைத் தரிசித்தார்கள். உப்பளங்களின் நடுவே ஓர் இரவு தங்கினார்கள்.

வழியெல்லாம் ஆனந்தம் என்று நினைக்கவேண்டாம். நம் பக்கத்துச் செம்மணல் தேரி இருக்கிறதே, அங்கே வழி தவறியதற்காகப் பெரிய சண்டை. அம்மாள் வண்டியை விட்டு இறங்கி ரோட்டோரம் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வண்டியை நடை வேகத்தில் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு ஒரு மைல் தூரம் வந்தாராம். பனைமரத்தடியில் பதநீர் விற்றவர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்திருக்கிறார். “யாரும்மா கடைசியில் சமாதானம் செய்தது?” என்று கேட்டேன். “வெயில்தான் ஃபாதர். கால் சுட்டது, ஏறிட்டேன்” என்றார்கள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து தலை குனிந்து சிரித்தார். ஆறு எட்டு நீளமுள்ள வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார இரண்டாவது அறை கிடையாது. ஒருவர் நகர வேண்டுமானால் மற்றவர் காலை மடக்க வேண்டும். ஆறு மாதமாகப் பேசாதவர்கள், வழி கேட்கவும் தண்ணீர் பிடிக்கவும் பேச ஆரம்பித்து, அப்புறம் மற்றதையும் பேசியிருக்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நம் பங்கில் எத்தனை வீடுகளில் இந்த நாட்காட்டி தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். கப்பலில் இருக்கிறவர்கள், வளைகுடா நாடுகளில் இருக்கிறவர்கள், கேரளத்து விசைப்படகுகளில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் என்று நம் ஆண்மக்களில் பலர் வீட்டுக்கு விருந்தாளிகள். கைப்பேசியில் தினமும் முகம் தெரிகிறது, உண்மைதான். ஆனால் பேச்சு என்ன? பணம் வந்ததா, பள்ளிக்கூடத்தில் கட்டினாயா, நகையைத் திருப்பினாயா என்பதே. அவன் வெயிலில் மயங்கி விழுந்ததை அவளிடம் சொல்வதில்லை. அவள் பிள்ளையை அடித்துவிட்டு இரவெல்லாம் அழுததை அவனிடம் சொல்வதில்லை. பயப்படுத்தக்கூடாது என்ற அன்பினாலேயே மறைக்கிறார்கள். மறைத்து மறைத்து, இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகிவிடுகிறார்கள். முதல் பத்து நாள் வீட்டில் மீன்குழம்பும் சிரிப்புமாக இருக்கிறது. பதினோராம் நாள் “எப்போ வருவீங்க” என்று கேட்ட வாயே “எப்போ போறீங்க” என்று கேட்கிறது.

கடலுக்கு அனுதினமும் போய் அனுதினமும் திரும்புகிறவர்களும் இதில் தப்பவில்லை. வலையை இறக்கிவிட்டு நேரே சாராயத்துக்குப் போகிறவன் வீட்டிலும் இல்லை, கடலிலும் இல்லை. அவனைப் பற்றி இன்று எழுதப் புறப்பட்டால் இந்தத் தாள் போதாது. வேறொரு வாரம் எழுதுகிறேன். அவன் வாசிக்கமாட்டான், அவன் மனைவி வாசித்துக் காட்டுவாள்.

வேதாகமத்தில் ஒரு தம்பதிகள் இருக்கிறார்கள். கலியாணப் பூசைப் பிரசங்கங்களில் நாங்கள் குருக்கள் அவர்களை அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஆக்கிலா என்பவர் புருஷன், பிரிசில்லா மனைவி. ஆக்கிலா பிறந்தது போந்து நாட்டில். குடியிருந்தது உரோமாபுரியில். கிளவுதியுஸ் இராயன் யூதர்களை அந்நகரத்தைவிட்டுத் துரத்தியபோது இருவரும் கொரிந்து பட்டணத்துக்கு வந்தார்கள். தொழிலோ கூடாரம் செய்வது. அர்ச். சின்னப்பருக்கும் அதே தொழில் தெரிந்திருந்ததால், அவர்களோடேயே தங்கி வேலை செய்தார். பிறகு அவரோடு கப்பலேறி எபேசுக்குப் போனார்கள். சின்னப்பர் உரோமையருக்கு நிருபம் எழுதும்போது அவர்கள் மறுபடியும் உரோமாபுரியில் இருக்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடி ஆகமத்திலும் சின்னப்பர் நிருபங்களிலுமாக அவர்களுடைய பெயர் ஆறு இடங்களில் வருகிறது. ஓர் இடத்திலாவது ஒருவர் பெயர் மற்றவர் பெயரை விட்டுத் தனியாக வரவில்லை. அந்த ஆறில் நான்கு இடங்களில் மனைவியின் பெயர் முந்தி வருகிறது. அக்காலத்து வழக்கத்தில் இது அபூர்வம். நம் புருஷர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

ஊர் ஊராக வீடு மாற்றியவர்கள். சொந்த மண் இல்லாதவர்கள். ஆனால் போன இடமெல்லாம் அவர்கள் வீட்டில் திருச்சபை கூடியது என்று சின்னப்பர் சாட்சி சொல்லுகிறார். அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளனை வீட்டுக்குள் அழைத்து, வேதத்தை அவனுக்குத் திருத்தமாய் விளக்கிச் சொன்னவர்களும் இவ்விருவரே. தோலையும் துணியையும் சேர்த்துத் தைக்கும்போது ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, மற்றவர் ஊசி போட்டிருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. வேதாகமத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன்.

இன்னொன்று. இது நம் ஊர் மண்ணிலேயே நடந்தது. 1542-ம் ஆண்டு நம் கரைக்கு வந்த அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார், 1544-ம் ஆண்டில் இந்த மணப்பாட்டிலிருந்து தம் தோழர் மன்சிலாஸ் என்பவருக்குக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். அந்த ஜூன் மாதத்தில் வடுகப் படைகள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள்மேல் பாய்ந்தன. ஜனங்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் போய் ஒதுங்கி, பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். அர்ச்சியசிஷ்டவர் சேதி கேட்டவுடன் இங்கிருந்து இருபது தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். ஜூன் மாதத்துக் காற்று எது என்று உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கச்சான் எதிரே நின்று அடித்தது. தண்டு வலித்தும் பயனில்லை. தோணிகள் போய்ச் சேரவில்லை.

இந்த இடத்தில் நம்மில் அநேகர் என்ன சொல்லியிருப்போம்? “நான் அனுப்பினேன். காற்று விடவில்லை. என்மேல் குற்றமில்லை.” அவரோ அதோடு இருந்துவிடவில்லை. கடல்வழி அடைபட்டபோது தரைவழியாகக் கால்நடையாய்ப் புறப்பட்டார். இன்றைய ரோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அன்று ரோடு ஏது? சுடுமணலும் உடைமுள்ளும் பனங்காடுந்தான். போய் அந்த ஜனங்களை நேரில் கண்டார். அவர்கள் நடுவில் நின்றார்.

பிரியமானவர்களே, மாதாமாதம் நீங்கள் அனுப்புகிற பணம் அந்த இருபது தோணிகளைப் போல. அது நல்லது, அவசியமானது, வியர்வை சிந்திச் சேர்த்தது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சில வேளைகளில் தோணி போய்ச் சேருவதில்லை. வீடு கட்டியாகிவிட்டது, தரையில் கல் பதித்தாகிவிட்டது, ஆனாலும் மனைவியின் முகம் வாடியிருக்கிறது. புருஷன் வந்தும் திண்ணையில் தனியே உட்கார்ந்திருக்கிறான். அப்போது இன்னொரு தோணியை அனுப்புவதில் பிரயோசனமில்லை. இறங்கி நடக்க வேண்டும். சமையலறை வாசல் வரை நடப்பதும் ஒரு நடைதான். சிலருக்கு அது கன்னியாகுமரியைவிடத் தூரம்.

“சுவாமி, அவருக்குப் பென்ஷன் வருகிறது, வண்டி வாங்கினார். நாங்கள் எங்கே போவது?” என்று ஒரு தாயார் நேற்றே என்னிடம் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. வண்டி வாங்கச் சொல்ல நான் வரவில்லை. டீசல் விலை எனக்கும் தெரியும். கொச்சியில் விஜயன், மோகனா என்று ஒரு தேநீர்க்கடைத் தம்பதிகள் இருந்தார்கள். நாள்தோறும் கடை வருமானத்தில் ஒரு தொகையை ஒதுக்கி, குறைந்ததற்குக் கடன் வாங்கி, ஊர் சுற்றிவிட்டு வந்து அந்தக் கடனை அடைத்து, மறுபடியும் புறப்படுவார்கள். 2007-ம் ஆண்டில் அவர்கள் முதலில் போன வெளிநாடு இஸ்ரவேல். 2021 நவம்பரில் விஜயன் இறக்கும்போது இருவரும் சேர்ந்து பார்த்த நாடுகள் 26. அவர்கள் நம் வேதத்தைச் சேர்ந்தவர்களல்ல. ஆனாலும் அவர்களை நினைத்தால், பணமில்லை என்று நாம் சொல்லும் சாக்குக் கொஞ்சம் மெலிந்துதான் போகிறது. கடன் வாங்கிப் பயணம் போவதை நான் சிபாரிசு செய்யவில்லை. நம் ஊரில் கடன் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. அவர்கள் சேர்ந்தே போனதைத்தான் சொல்லுகிறேன்.

நமக்கு மலை பக்கத்திலேயே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து பார்க்கிற மலை அது. 1581-ம் ஆண்டுக் கோவில், சவேரியார் கெபி, அதற்குள்ளே கடலோரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. செப்டம்பர் 14-ந் தேதித் திருநாளுக்கு எல்லோரும் ஏறுகிறோம், பிள்ளை குட்டிகளோடு, பலகாரப் பொட்டலத்தோடு. ஆனால் புருஷனும் மனைவியும் மாத்திரமாக, வேறொருவரும் இல்லாமல், நீங்கள் கடைசியாக அந்த மலை ஏறியது எப்போது? சிலர் கலியாணமான மறுநாள் ஏறியதோடு சரி.

காலஞ்சென்ற பிரான்சிஸ்கு பாப்பரசர் குடும்பத்தைப் பற்றி 2016-ம் ஆண்டு ஒரு பெரிய நிருபம் வெளியிட்டார். அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது, இந்த மூன்றும் வீட்டில் இருக்கவேண்டுமென்று அவர் பலமுறை சொன்னதுண்டு. படித்தபோது மிகவும் எளிதாகத் தோன்றியது. அன்று ஆற்று முகத்துவாரத்தில், கையில் தேநீர்த் தம்ளரோடு, மூன்றாவதை நான் சொல்லவேண்டி வந்தபோதுதான் நாக்கு எவ்வளவு கனக்கிறது என்று கண்டேன். ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். வண்டியை மறுபடியும் மலையடிக்கே கொண்டுவந்து நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன். கொடி கட்ட நம் கோவிற்பிள்ளையே கயிறு கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் முதல் பூசை கண்டார்கள். திவ்விய நற்கருணை உட்கொண்டபின், முன்வரிசையில் இடமிருந்தும், பின்னால் தூணோரம் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். திங்கள் காலை அந்த அம்மாள் நம் பெண்கள் முடைந்த பனையோலைப் பெட்டி ஒன்று வாங்கினார்கள், நாட்காட்டிகளைப் போட்டு வைக்கவாம். அவர் டயர்களுக்குக் காற்றைச் சரிசெய்துகொண்டார். வலை பொத்தும் பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெரியதாழை ரோட்டில் புறப்பட்டார்கள். அங்கிருந்து உவரி அந்தோனியார், இடிந்தகரை லூர்து மாதா, பிறகு குமரி முனை. போகும்போதே ஏதோ வாதாடிக்கொண்டுதான் போனார்கள். சன்னல் திறந்திருந்தது, சத்தம் கேட்டது.

வருகிற முதல் வெள்ளிக்கிழமை மாலை, செபமாலை முடிந்ததும், நம் பங்கின் தம்பதிகள் இருவர் இருவராக மலையேறவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பிரசங்கம் இராது, ஒலிபெருக்கி இராது. கைப்பேசிகளை மேசைமேல் வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைக் கன்னியர் மடத்துத் தாய்மார் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். பேசிக்கொண்டு ஏறலாம், பேசாமலும் ஏறலாம். புருஷன் கடலிலோ அயல்நாட்டிலோ இருக்கிற தாய்மார்கள் கட்டாயம் வரவேண்டும். அவரவர் புருஷனுடைய பெயரையும், அவர் இப்போது இருக்கும் இடத்தையும் ஒரு சீட்டில் எழுதி, வியாழக்கிழமைக்குள் உபதேசியாரிடம் கொடுத்துவிடுங்கள். சிலுவையடியில் நின்று ஒவ்வொரு பெயராக நான் வாசிப்பேன். விதவைகள் தங்கள் புருஷருடைய பெயரையும் அதே சீட்டில் எழுதலாம்.